கல்லு மாதிரி காத்து

எங்கட ஊர்களில் நல்ல சைக்கிளுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது: ரயர் கல்லு மாதிரி இருக்கோணும். பெருவிரலால் அமத்திப் பார்ப்பம். அமரவில்லை என்றால் திருப்தி. தார் றோட்டில் ஓடும் ஒல்லி ரயருக்கு, கரியரில் ஒரு மூட்டை அரிசியோ இன்னொரு ஆளோ ஏறும் நாளில், இந்தக் கணக்கு நல்லாவே வேலை செய்யும்.

2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது எங்களில் சிலர் மவுண்டன் சைக்கிளுக்கு மாறினோம். ரயர் அகலமானது, இலக்கணம் மட்டும் அப்படியே இருந்தது. எங்கட கூட்டத்தில் ஒரு தோழி, 45 கிலோதான் இருப்பாள். கடையில் அவளுடைய ரயருக்கும் கல்லு மாதிரித்தான் அடித்துக் கொடுத்தார்கள். கிரவல் றோட்டில் சைக்கிள் துள்ளும், திருப்பத்தில் சறுக்கும், கை விறைக்கும். "எனக்கு உடம்பு காணாது, நீங்கள் போங்கோ" எண்டு ஒதுங்கத் தொடங்கினாள். வீட்டிலும் அதையே சொன்னார்கள். பழி முழுக்க அவளின் உடம்பில் விழுந்தது. காத்தை ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

ரயரின் பக்கத்தைத் துடைத்துப் பாருங்கோ. பல மவுண்டன் ரயர்களில் 40–65 பி.எஸ்.ஐ என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். 65 என்பது அதற்கு மேலே போகாதே என்ற எல்லை. அந்த அளவுக்கு அடிக்கச் சொல்லும் கட்டளை இல்லை.

கணக்கு இப்படி: தோழியும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்றால், பின் சில்லில் ஏறக்குறைய 36 கிலோ விழும். 65 இல் அந்த ரயர் நிலத்தைத் தொடுவது கிட்டத்தட்ட 8 சதுர சென்ரிமீற்றர். 40 இல் அது 13 ஆகும். கூடத் தொட்டால் கிரவலில் பிடிப்புக் கூடும். சின்னக் கல்லை ரயரே விழுங்கிவிடும், அதிர்ச்சி கைக்கு வராது.

அதுக்காகக் காத்தை ஒரேயடியாக இறக்கவும் கூடாது. மிகக் குறைந்தால் ரியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசியும். பாம்பு கடித்த மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

பெருவிரல் இங்கே உதவாது. அகல ரயரின் தோல், அதே அமுக்கத்திலும் ஒல்லி ரயரைவிடக் கூட இழுபட்டு நிற்கும், தடிப்பும் கூட. ஆகவே காத்து அளக்கிற கேஜ் ஒன்று வேணும். கூட்டத்துக்கு ஒன்று போதும். மோட்டார்சைக்கிளில் உள்ளது போன்ற மொத்த வால்கட்டை என்றால் நேரே வைத்து அளக்கலாம். ஒல்லி வால்கட்டை என்றால் அதற்குப் பொருந்தும் கேஜ் வேணும். நுனியில் இருக்கும் சின்ன நட்டைத் தளர்த்திவிட்டு அளக்கோணும். வெயிலில் நின்ற ரயர் கூடக் காட்டும். காலையில், ஓடுவதற்கு முதல் அளவுங்கோ. ரியூப் தானாகவே மெல்ல மெல்லக் காத்தை விடும் என்பதால் கிழமைக்கு ஒருக்கால் பார்த்தால் நல்லது.

தோழிக்கு முன்னுக்கு 40, பின்னுக்கு 43 இல் தொடங்கினோம். பின் சில்லில் பாரம் கூட என்பதால் அந்த வித்தியாசம். போன மாதம் கிரவல் றோட்டில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது அவள்தான். எங்களில் 80 கிலோ ஆளுக்கு அவளின் எண் சரிவராது. உங்கட எடை, உங்கட றோட்டு, இரண்டையும் வைத்து இரண்டு மூன்று நாள் ஓடிப் பார்த்து, சரிவந்த எண்ணைப் போனில் குறித்து வையுங்கோ.