தாத்தா சைக்கிளை விட்டு இறங்கவில்லை

எங்கள் தாத்தா கடந்த ஆண்டு கிள்ளானில் காலமானார். வயது 88. பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய கண்ணீர் அஞ்சலியை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வானொலியில் பேசிச் சம்பாதிக்கும் பேத்தி இருக்கும்போது வேறு யார் எழுதுவார்கள்?

பெயர், வயது, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் எழுதியாயிற்று. "முன்னாள் தோட்டத் தொழிலாளி" என்ற வரியைப் பார்த்ததும் பெரிய மாமா முகம் சுளித்தார். "பேரப்பிள்ளைங்க எல்லாம் படிச்சு நல்ல நெலமையில இருக்காங்க. இது எதுக்கும்மா?" என்றார். மூலையில் அழுதுகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "அதப் போடாம வேற எதடா போடுவ? மரஞ்சீவித்தானே ஒன்ன வளத்தாரு" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அந்த வரி அப்படியே அச்சானது.

விளம்பரத்தில் அவ்வளவுதான் இடம். விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

தாத்தா 1936-இல் காப்பார் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதானபோது, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர்.எச்.நாதன். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர் தாத்தாவின் அப்பா. அடுத்த ஆண்டு ஜப்பான்காரன் வந்தான். சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரும் போனார். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. போன பல்லாயிரம் தமிழர்களைப் போல அவரும் திரும்பவில்லை. தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் அப்பாவின் முகம்கூடச் சரியாக நினைவில் இல்லை.

பன்னிரண்டு வயதில் தாத்தா மரம் சீவப் போனார். விடியுமுன் பெரட்டு. பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கும். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். பிறகு மங்கு மங்காகப் பாலை ஊற்றி எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வர வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. வீட்டில் யாராவது மழையை ரசித்தால் அவருக்குப் பிடிக்காது.

தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் கடையில் பொருள் சுற்றி வந்த பழைய பத்திரிகையைக்கூட விடமாட்டார். மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சத்தமாக வாசிப்பாராம். எங்கள் குடும்பத்தில் முதல் செய்தி வாசிப்பாளர் நான் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே சேர்த்த காசில் ஒரு பழைய ராலே சைக்கிள் வாங்கினார். அதற்குள் இறங்கி நிற்கும் வழக்கம் மறைந்துவிட்டது. ஆனாலும் வயதானவர்கள் சிலர், துரையின் கார் வந்தால் தாமாகவே இறங்கி ஓரமாக நிற்பார்களாம். தாத்தா இறங்கியதில்லை. ஒரு கையைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போவார். "மரியாதை குடுக்கணும்மா. எறங்கித்தான் குடுக்கணும்னு இல்ல" என்பார்.

அந்தச் சைக்கிளில்தான் அவர் குடியுரிமைக்கு மனுப் போடக் கிள்ளானுக்குப் போனார். 1957-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் பலருக்குக் குடியுரிமை தானாக வரவில்லை, மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். தாத்தா இழந்தார். தம்பியையும் கூப்பிட்டார். "இங்கதானண்ணே பொறந்தேன், எனக்கு எதுக்குக் காகிதம்?" என்று சின்னத் தாத்தா வரவில்லை.

1969-இல் அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி அட்டை வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. தோட்டங்களில் பல்லாயிரம் பேர் வேலை இழந்து கப்பல் ஏறினார்கள். சின்னத் தாத்தா, மனைவி, மூன்று பிள்ளைகள் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனார்கள். தாம் பார்த்தே இராத ஊருக்கு அவர் 'திரும்பி'ப் போனார்! அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேரில் சந்திக்கவே இல்லை. தீபாவளிக்கு ஒரு கடிதமும் கொஞ்சம் பணமும் இங்கிருந்து போகும். அங்கிருந்து நீலக் கடிதம் வரும்.

தாத்தா கோபக்காரர் இல்லை. ஆனால் காகித விஷயத்தில் கறார். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஊழியர் சேமநிதிப் புத்தகம், துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளிகளே சேர்ந்து நிலம் வாங்கலாம் என்று சம்பந்தன் சொன்னதை நம்பிச் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் அது. வேலை செய்த தோட்டம் பிற்காலத்தில் வீடமைப்புப் பகுதி ஆனபோது, அந்த டின்னும் சேமநிதியும்தான் கிள்ளானில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் ஆயின. சேமநிதிக்குப் பாட்டியை வாரிசாக எழுதிவைத்திருந்தார். அவர் போன பிறகு பாட்டி யார் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

நான் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு வந்த பிறகு, கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து இறங்குவார். கையில் முருங்கைக்கீரையோ வாழைப்பூவோ இருக்கும். அப்படி வந்த நாள்களில் அவரைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். மொத்தம் மூன்று மணி நேரம். மேலே எழுதியதில் பாதிக்கு மேல் அந்தப் பதிவில் உள்ளதுதான்.

வானொலிக்கு அழைக்கும் நேயர்கள் பலர், மறைந்த அப்பாவுக்குப் பிடித்த பாடலைக் கேட்பார்கள். "அப்பா என்ன வேலை செஞ்சாரு?" என்று நான் கேட்பேன். "சும்மா... தோட்டத்துலதான்" என்று குரல் தாழ்ந்துவிடும். அந்தச் 'சும்மா' எனக்கு உறுத்துகிறது. இருட்டில் எழுந்து ஐந்நூறு மரம் சீவியது சும்மாவா? ஆறு பிள்ளைகளைக் கரையேற்றியது சும்மாவா?

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கலாம். "பழைய கதை சொல்லுங்க" என்றால் அவர்களுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. சின்னதாகக் கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு? அதில் என்ன வாங்கினீங்க? பக்கத்து லயத்தில் யார் இருந்தாங்க? அவங்க இப்போ எங்கே? கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். மற்றது தானாக வரும்.

கருமக்கிரியை முடிந்த வாரம், நாகப்பட்டினத்திலிருந்து சின்னத் தாத்தாவின் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர்கள் வீட்டுப் பெட்டியில் பல வருடமாக இருக்கும் ஓர் இரும்புக் கருவி. முனை வளைந்து, பிடி தேய்ந்திருந்தது. "தாத்தா இதத் தூக்கிப் போட விடவே மாட்டாரு. இது என்னன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டிருந்தார்.

பால்மர உளி. அழைத்துச் சொன்னேன். பட்டையை எப்படிச் சரிவாகச் சீவ வேண்டும், கட்டையில் பட்டால் மரம் ஏன் கெடும் என்று தாத்தா சொன்னதை எல்லாம் சொன்னேன். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.