என் பெயரில் ஒரு ஹோம்

வீட்டுக் கணினி என்றுதான் சொல்வோம். ஆனால் திறந்ததும் திரையில் வருவது என் கணவரின் பெயர். டி டிரைவில் அவருடைய அலுவலகக் கோப்புகள், சினிமாப் பாட்டுகள். ஒரு மூலையில் 'அம்மா' என்றொரு ஃபோல்டர். பதினோரு ஆண்டுகளாக நான் எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது. ஒருநாள் இடம் போதவில்லையென்று அதை அழித்துவிட்டார். "முக்கியமா ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்" என்றார். பொய்யில்லை, அப்படித்தான் நினைத்திருந்தார்.

பிறகு பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். தம்பி மகன் உபுண்டு போட்டுக் கொடுத்தான். திறந்தால் சி இல்லை, டி இல்லை. "எல்லாமே ஒரு சாய்கோட்டுலதான் தொடங்கும் அத்தை. அதுதான் வேர்" என்றான். பென் டிரைவைச் செருகினாலும் தனி எழுத்தோடு வராது. 'மீடியா' என்ற ஃபோல்டருக்குள் ஒரு கிளையாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு அடுக்களையில் நின்றது நினைவுக்கு வந்தது. கடுகு டப்பாவைத் திறந்தால் சீரகம் இருக்கும். இங்கே 'யூஎஸ்ஆர்' அப்படித்தான். ஆதி யூனிக்ஸில் பயனர்களின் ஃபோல்டர்கள் இருந்த இடம். இன்று நிரல்கள் குடியிருக்கின்றன. பயனர்களுக்கு 'ஹோம்'. அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். என் பெயரிலும் ஒன்று.

'எல்எஸ் -எல்' என்று கட்டளையிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யாரென்று காட்டும். வரிக்கு வரி என் பெயர். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் அட்டையில் நான் குடும்பத் தலைவி. வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் இல்லை.

உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க எனத் தனித்தனி அனுமதிகள் உண்டு. 'சிஎச்மோட் 700' என்று கொடுத்தால் உரிமையாளருக்கு மட்டுமே மூன்றும்.

"அப்போ வேற யாரும் திறக்க முடியாதில்ல?"

"ரூட் அதிகாரம் இருக்கறவங்க திறக்கலாம்."

"அது யாருகிட்ட இருக்கு?"

தயங்கினான். "என் கணக்குலதான். உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லைன்னு..."

அன்பாகத்தான் சொன்னான். சொத்தும் சாவியும் நம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இந்த அன்பினால்தான். அன்றே அதிகாரத்தை என் கணக்குக்கு மாற்றச் சொன்னேன். கடவுச்சொல்லை நானே தட்டினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழிந்தவை திரும்பவில்லை. ஹோமில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்தேன். 'அம்மா' என்று பெயர் வைக்கவில்லை.