ஏழில் ஒன்று

ஜூலை 1, 2024, திங்கள்

ஸ்டோரிபோர்டு வகுப்பின் முதல் நாள். பஸ்ஸைத் தவறவிடும் ஒரு பாட்டியைப் பன்னிரண்டு கட்டங்களில், வசனம் இல்லாமல், அரை மணி நேரத்தில் வரைய வேண்டும். என் கட்டங்களில் பாட்டியின் சேலை மடிப்பு வரைக்கும் வந்திருந்தது. சார் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து மேசைத் தம்பியைக் கூப்பிட்டு என் கதையைச் சொல்லச் சொன்னார். மூன்றாவது கட்டத்திலேயே அவன் நின்றுவிட்டான். பாட்டி பஸ்ஸில் ஏறப் போகிறாளா, இறங்கி வருகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவன் வரைந்தது வெறும் குச்சி உருவங்கள். ஆனால் பாட்டி ஓடுகிறாள், பை விழுகிறது, பையை எடுப்பதா பஸ்ஸைப் பிடிப்பதா என்று ஒரு கணம் நிற்கிறாள். அந்த நிற்றல் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

“நல்லா வரையறேம்மா. ஆனா இப்ப அது வேண்டாம். பாக்கறவங்களுக்கு அடுத்து என்ன தெரியணும்? அதை மட்டும் யோசி” என்றார் சார்.

ஜூலை 4, வியாழன்

1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டூடியோவில் வெப் ஸ்மித் என்ற கதைக் கலைஞர் காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து, வரிசையாகச் சுவரில் குத்தி வைத்தார், ஸ்டோரிபோர்டு அப்படித்தான் தொடங்கியது என்று சொல்கிறார்கள். 1933இல் வெளிவந்த ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ முழுவதும் இந்த முறையில் உருவான முதல் படங்களில் ஒன்று.

தாள்கள் தனித்தனியாக இருந்ததில்தான் விஷயமே இருக்கிறது. நோட்டில் வரைந்த பக்கத்தைக் கிழிக்க மனசு வராது. குண்டூசியில் தொங்கும் தாளைக் கழற்றலாம், இடம் மாற்றலாம், வேண்டாம் என்றால் கீழே போடலாம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. வரைந்து வண்ணமும் பூசிய பிறகு ஒரு காட்சி வேண்டாம் என்று தெரிந்தால் பல பேருடைய பல வார உழைப்பு வீண். சுவரிலேயே தெரிந்துவிட்டால் போவது ஒரு தாள்.

வரும் வழியில் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டு நாலு கட்டு வாங்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

180 டிகிரி விதி. பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிறுத்த வேண்டும். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு டம்ளர்களை எதிரெதிரே வைத்து, நடுவில் கரண்டியைக் கோடாகப் போட்டு, செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன். கோட்டைத் தாண்டிய படத்தில் டம்ளர்கள் இடம் மாறி நின்றன. யார் யாரைப் பார்க்கிறார் என்ற கணக்கே போய்விட்டது.

மாத முடிவுக்கு இரண்டு நிமிடக் காட்சி ஒன்று தர வேண்டும். நான் முசுகுந்தனை எடுத்திருக்கிறேன். அம்மாவின் ஊர் திருவாரூர். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது கேட்ட கதை. குரங்கு முகம் கொண்ட சோழ ராஜா, அசுரப் போரில் இந்திரனுக்கு உதவுகிறான். பரிசாக, சிவனின் வடிவமான தியாகேசர் திருமேனியைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல இன்னும் ஆறு செய்யச் சொல்லி, ஏழையும் வரிசையாக வைத்து, உண்மையானதை எடுத்துக்கொள் என்கிறான். முசுகுந்தன் சரியானதைக் காட்டுகிறான். ஏழும் அவனுக்கே கிடைக்கின்றன.

ஜூலை 13, சனி, திருவாரூர்

மாமா கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். தேவாசிரியன் மண்டபம். சுந்தரர் அடியார்களைக் கண்டு திருத்தொண்டத்தொகை பாடியது இந்த இடம் என்பார்கள். விதானத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஓவியங்கள். வரைந்தவர் பெயர் சிங்காதனம். அவரே எழுதி வைத்திருக்கிறார். காட்சிகளுக்குத் தமிழிலேயே விளக்கமும் உண்டு.

படம், கீழே எழுத்து, அடுத்த படம். இரண்டு வாரமாக நான் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதைத்தான். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். எத்தனை பெரிய கூட்டம் நிற்கட்டும், முசுகுந்தனை உடனே கண்டுபிடிக்க முடிகிறது. அந்த முகம் ஒன்றே போதும். கதாபாத்திரத்தைக் கருப்பு நிழலாக நிரப்பிப் பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்று சார் சொல்வதை, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சாரத்தில் ஏறி விதானம் பார்த்து வரைந்த ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். சில இடங்களில் சுண்ணம் உதிர்ந்து கதை அறுந்து கிடக்கிறது. பார்க்கப் பொறுக்கவில்லை.

பதினேழு சின்னப் படங்கள் வரைந்து, ஓரத்தில் நிறங்களைக் குறித்துக்கொண்டேன். செம்மண் சிவப்பு, மஞ்சள், புகைக் கருப்பு.

ஜூலை 18, வியாழன்

இந்திரசபைக்கான விஷுவல் டெவலப்மென்ட், அதாவது காட்சியின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஓவியங்கள். தூண்கள், யாளிகள், சரவிளக்குகள், கொடிகள் என்று மூன்று நாள் போஸ்டர் கலரில் வரைந்தேன். சார் பார்த்துவிட்டு ‘பாம்பி’ படத்துக்காக டைரஸ் வாங் வரைந்த காடுகளைக் காட்டினார். வாங் சிறுவனாகச் சீனாவிலிருந்து அமெரிக்கா போனவர். 1942இல் வந்த அந்தப் படத்துக்கு, முதலில் இலை இலையாகக் காட்டை வரைந்து பார்த்தார்களாம். மான் அதற்குள் காணாமல் போனது. வாங் பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களின் வழியில் போனார். மரத்தின் ஓரம் பனியில் கரைகிறது. மான் நிற்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம்.

அதே ‘பாம்பி’யில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ், 1956இல் பம்பாய் வந்து ஃபிலிம்ஸ் டிவிஷனில் நம் ஆட்களுக்கு அனிமேஷன் கற்றுக்கொடுத்தார். அங்கே அவர்கள் செய்த ‘பன்யன் டீர்’ ஒரு ஜாதகக் கதை. அதிலும் மான்.

வாங்கின் காட்டை நினைத்துக்கொண்டு, என் சபையில் பாதித் தூண்களை எடுத்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

ஐம்பத்தெட்டுக் கட்டங்களோடு பிட்ச் செய்தேன். ஏழு திருமேனிகள், நடந்துபோகும் முசுகுந்தன், கண்ணின் க்ளோஸப், நீளும் விரல், இந்திரனின் அதிர்ச்சி. முடிந்ததும் தம்பி கேட்டான்: “அக்கா, அவருக்கு எப்படித் தெரிஞ்சது?”

“பக்தியால” என்றேன்.

“அது எந்தக் கட்டத்துல இருக்கு?”

அந்தக் கட்டம் என்னிடம் இல்லை.

ராத்திரி அம்மாவிடம் புலம்பினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “தியாகேசர் ஆடறது அசபா நடனம்டி. பெருமாள் அவரை மார்புல வச்சுப் பூஜை பண்ணார். அவர் மூச்சு ஏறி இறங்கறப்போ இவரும் ஏறி இறங்கினார். இன்னிக்கும் ஊர்ல சாமியைத் தூக்கறவங்க அப்படித்தானே ஆட்டிக்கிட்டு வராங்க?”

சின்ன வயதிலிருந்து பார்த்த ஆட்டம். எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 27, சனி

முப்பத்தொரு கட்டங்களைக் கிழித்தேன். ஏழில் ஒன்று மட்டும் மூச்சு விடப் போகிறது. ஆனால் எது அசைவது? திருவாரூரில் தியாகேசரின் முகம் மட்டும்தான் தெரியும். பாதம்கூட மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான். மற்றதெல்லாம் பட்டும் பூவும் மூடியிருக்கும். அதனால் மாலை அசையட்டும் என்று முடிவு செய்தேன். அதிலும் ஒரே ஒரு பூ. 72 ஃப்ரேமில் ஒரு முறை ஏறி இறங்கும்.

அது கண்ணில் பட வேண்டுமானால் வேறு எதுவும் அசையக் கூடாது. விளக்குச் சுடரை நிறுத்தினேன். கொடியை எடுத்தேன். சாமரம் வீசிய பெண்கள் போனார்கள். மூன்று நாள் உழைத்த சரவிளக்கும் போனது. முசுகுந்தன் முதலில் பார்ப்பதா, நாம் முதலில் பார்ப்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். நாம் முதலில் பார்த்துவிட்டால், அவனும் பார்க்க வேண்டுமே என்று மனம் பதைக்கும். அப்படியே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கட்டங்களை நேரக் கணக்கோடு கோத்து அனிமேட்டிக் ஆக்கினேன். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. பின்னணியில் இசை இல்லை, காலடிச் சத்தம் மட்டும். வகுப்பில் விளக்கை அணைத்து ஓடவிட்டார்கள். முசுகுந்தன் முதல் திருமேனியைக் கடந்தான், இரண்டாவதைக் கடந்தான். ஐந்தாவதன் மாலையில் அந்தப் பூ ஏறி இறங்கியது.

தம்பி திரையை நோக்கிக் கையை நீட்டினான். முசுகுந்தன் கை நீட்ட இன்னும் நாலு நொடி இருந்தது.