பழைய ஆட்டமும் புதிய யந்திரமும்

பழமையைக் கைவிடாது புதுமையை ஏற்றல் எத்துறையிலும் அரிய செயலாம். இதனை நன்குணர்ந்த இலக்கண ஆசிரியர், விதிகளைக் கூறி முடித்தபின், அவற்றுள் அடங்காதவற்றையும் தழுவுதற்பொருட்டுப் புறனடை என ஒன்று வகுத்தனர். விளையாட்டு யந்திரங்களுக்கும் இத்தகைய புறனடை உண்டு. அதன் நன்மை தீமைகளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் இல்லத்தில், என் தமையனார் இளமையில் ஆடிய பிளேஸ்டேஷன் 2 யந்திரமும் அதற்குரிய தட்டுக்கள் பலவும் உள. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்யந்திரம், முதற் பிளேஸ்டேஷனின் மூளையைத் தன்னுள் வைத்திருந்தமையால், அதன் தட்டுக்களையும் ஏற்றது. சென்ற விடுமுறையில் என் சிற்றன்னையின் மகன் தன் பிளேஸ்டேஷன் 5-ஐக் காட்டி, "அண்ணா, இந்தத் தட்டுகள் இதில் ஓடுமா?" என்றான். "ஓடா" என்றேன். "புதியது இவ்வளவு வல்லதாயிருந்தும் ஏன் ஓடவில்லை?" என்று அவன் கேட்டது என்னைச் சிந்திக்கத் தூண்டிற்று.

நம் தாமிரபரணியை நோக்குக. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் சென்ற நூற்றாண்டில் பேரணைகள் எழுந்தன. ஆயினும் கன்னடியன் கால், நதியுண்ணிக் கால் முதலிய பழங்கால்களை எவரும் தூர்த்திலர். அணைநீரே அவற்றிற் பாய்கின்றது. ஆனால் காலின் தலைப்பில் மதகு வேண்டும். மதகில்லாக் கால் வெள்ளம் வருங்கால் ஊருக்கே கேடாய் முடியும்.

புதிய யந்திரத்தில் பழைய ஆட்டம் ஓடுதற்கு, பழைய யந்திரம்போல நடிக்கும் எமுலேட்டர் என்னும் நிரல் வேண்டும். அதனைச் சாண்ட்பாக்ஸ் என்னும் வேலிக்குள் அடைத்து வைப்பர். வேலிக்கு அப்பாலுள்ள எதனையும் அது தீண்டலாகாது. பழைய ஆட்டங்கள் கள்ளமறியாதன ஆதலின் இக்காவல் இன்றியமையாதது. 2001-இல் வெளிவந்த ஒகாகே என்னும் ஆட்டம், சேமித்த கோப்பிலுள்ள பெயரின் நீளத்தை அளந்து பாராமலே ஏற்றுக்கொண்டது. அந்நாளில் அதனால் ஆட்டம் நின்றுபோவதே பெருங்கேடு. 2022-இல் ஓர் ஆராய்ச்சியாளர் அக்கோப்பில் மிக நீண்ட பெயரைப் புகுத்தி ஆட்டத்தைத் தம்வயப்படுத்தினார். பின்னர் எமுலேட்டரின் பிழைவழியே வெளிப்பட்டு, பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றில் தம் நிரலை ஓட்டும் வழியைக் கண்டார். ஆயினும் புறவேலி நின்றது. யந்திரத்தின் உள்ளறையை அடைய வேறொரு பிழையும் வேண்டியிருந்தது.

2006-இல் வந்த நின்டெண்டோவின் வீ யந்திரத்திற்கு அத்தகைய காவல் வாய்த்திலது. தன் முன்னோனாகிய கேம்கியூபின் ஆட்டம் ஓடுங்கால், அது தன் நினைவகத்தின் பெரும்பகுதியை மறைத்துவைத்தது. ஆனால் அங்கிருந்தவற்றை அழித்திலது. ஆராய்வோர் சிலர் ஒரு சிறு இடுக்கியால் மின்தடங்களை இணைத்து, மறைந்த பகுதியை வாசித்து, இரகசியத் திறவுகோல்களைக் கைக்கொண்டனர்.

இவற்றைக் கண்டு, பழமைக்குக் கதவடைத்தலே தக்கதென்பார் உளர். யான் அதற்கு உடன்படேன். தட்டிற் பதிந்த ஆட்டத்தை இனித் திருத்துவாரில்லை; புதிய யந்திரம் இடந்தராவிடின், என் தமையனாரின் தட்டுக்கள் அவருடைய யந்திரம் உள்ளவரையே உயிர்வாழும். அவ்வாட்டங்கள் தங்காலத்திற்கேற்ப நம்பின, அது குற்றமன்று. புதியன கட்டுவோர்க்குக் கடமை இரண்டு: காலைத் தூராதிருத்தல், மதகைக் காத்தல். முன்னதை மறந்தோர் பழம்பொருளை இழப்பர். பின்னதை மறந்தோர் வீட்டையே இழப்பர்.