கசிவு

கோத்தகிரியில் மாமாவிடம் ஒரு ஜீப் இருக்கிறது. 1944-ல் ஃபோர்டு கம்பெனி செய்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்காக வில்லிஸும் ஃபோர்டும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டிகளில் ஒன்று. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்திருப்பதால், எந்த உறுப்பு எந்த வீட்டுப் பிள்ளை என்று இன்றும் சொல்லிவிடலாம்.

இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், பின் சக்கரங்களுக்குச் சுழற்சி புறப்படும் இடத்தில் இருக்கிறது. ஆகவே அங்குள்ள ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராகப் பிரேக்கில் இறங்கும். மலைச்சரிவில் நிறுத்திய வண்டி நகரும். மாமா கண்ட பரிகாரம் சீட்டுக்கடியில் ஒரு கருங்கல். இறங்கியதும் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். பதினொரு வருஷம் இப்படியே ஓடியது. பேரக்குழந்தைகள் வாசலில் விளையாட ஆரம்பித்த பிறகு அத்தை, “கல்லு ஒரு நாள் மறந்து போகும்” என்றாள். அதற்கு மாமாவிடம் பதில் இல்லை.

வங்கிக்கு விடுமுறையான இரண்டாவது சனிக்கிழமையும் மறுநாளும் மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்ணெயை வடித்து, ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, பிரேக் டிரம்மை எடுத்து, நடு நட்டைத் திருகி, யோக்கை உருவிய பிறகுதான் சீல் கண்ணில் படுகிறது. பார்வைக்கு அற்பமான வஸ்து. இரும்பு வளையத்துக்குள் ஒரு ரப்பர் உதடு. அதை யோக்கின் கழுத்தோடு அணைத்துப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள்வில். யுத்த காலத்தில் இந்த உதடு தோலாகவும் இருந்தது. முன் சக்கரங்கள் திரும்பும் உருண்டை மூட்டைச் சுற்றி இருப்பதோ வெறும் ஃபெல்ட் துணி. கிரீஸ் வெளியே போகாமலும் தூசு உள்ளே வராமலும் அதுவே துடைத்துக்கொண்டிருக்கிறது.

யோக்கின் கழுத்தில் நகம் இடறும்படி ஒரு பள்ளம். ரப்பர் உரசி இரும்பு தேயுமா என்று கேட்டேன்.

“ரப்பர் தேய்க்கலைங்க சார். ரப்பர்ல ஏறின மண்ணு தேய்க்குது.”

மிருதுவான உதட்டில் தூசு பதிந்துகொண்டால் அது உப்புத்தாளாகிவிடுகிறது. அந்தப் பள்ளத்தின் மேல் புது சீல் போட்டுப் பயனில்லை. மெல்லிய எஃகு உறை ஒன்றைக் கழுத்தில் ஏற்றிவிட்டுத்தான் போட வேண்டும். எண்ணெய் தடவி, உதடு உள்ளே பார்க்க, கோணாமல் தட்டி இறக்கினார்.

ஆக்ஸில் சீலும் ஒழுகியது. அங்கே அவர் சீலைத் தொடவில்லை. கூட்டின் மேலுள்ள சிறு காற்றுத் துவாரத்தைக் கம்பியால் குத்தினார். ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்றுக்கு வழி அடைபட்டால், அது எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். ஒழுகும் இடம் ஒன்று, காரணம் வேறொன்று.

நம் விமர்சனம் இந்த வேறுபாட்டை அபூர்வமாகவே உணர்ந்திருக்கிறது. ஒரு வரியில் உணர்ச்சி வழிந்தால் அந்த வரியின் சொல்லை மாற்றச் சொல்கிறோம். கவிதை வேறெங்கோ மூச்சு முட்டிக் கிடப்பதைப் பார்ப்பதில்லை. உருவம் பற்றிய சர்ச்சையிலும் ஒரு சாரார் இறுக்கத்தையே உருவம் என்கிறார்கள். மற்றவர்கள் உருவமே தடை என்கிறார்கள். சீல் இரண்டையும் ஒப்புவதில்லை. உதட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் மயிரிழையை விட மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருந்தாக வேண்டும். முற்றிலும் வறண்ட உதடு கருகிவிடும். வழியவும் கூடாது, வறளவும் கூடாது என்ற இந்தச் சங்கடமான இடத்தில்தான் அது தன் காரியத்தைச் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மிடம் கருங்கற்கள் அதிகம். தானாக நிற்காத கவிதைக்கு முன்னுரையை அண்டை கொடுக்கிறோம். அது போதாவிட்டால் நட்பை, அதுவும் போதாவிட்டால் ஏதாவது ஒரு தத்துவத்தை. கல் வைத்த வரைக்கும் எல்லாக் கவிதையும் நிற்கத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் ஒரு தொகுப்பு கைக்கு வந்தால் முன்னுரையைத் தள்ளிவிட்டுக் கவிதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிலது நகர்ந்துவிடுகிறது.