ஒரு கண்ணி அதிகம்

ஜனவரி 9, 2025. வியாழன்

டிரெய்லரை மாட்டும் இரும்புப் பின் கழன்றுவிட்டது. வெண்ணாற்றுப் பாலத்து ஏற்றம். 90 சிப்பம் நெல். டிராக்டர் ஒரு துள்ளு துள்ளியது, பாரமே இல்லாத மாதிரி. திரும்பினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறது. சத்தம்கூட இல்லை. கரையோரச் சேற்றில் இறங்கி நின்றது. பத்துப் பன்னிரண்டு மூட்டை சரிந்தது. அவ்வளவுதான்.

லோடுக்குக் கூட வரும் பையன் டீக்கடையில் இருந்தான். "நீங்க போங்க மாமா, குடிச்சிட்டு ஓடியாறேன்" என்று அப்போதுதான் இறங்கினான். அதுவரை எங்கே உட்கார்ந்திருந்தான்? மூக்கு மேல். எப்போதும் அங்கேதான்.

வீட்டில் பஞ்சர் என்றேன்.

ஜனவரி 10. வெள்ளி

தூக்கமில்லை. வலது கை முழங்கைவரை நடுக்கம். சாப்பிடும்போது வீட்டுக்காரி பார்த்தாள், கேட்கவில்லை.

பின்னின் அடியில் போடும் கிளிப் எப்போது தொலைந்தது என்றே தெரியவில்லை. கட்டுக்கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை மாதம்? குறுவைக்கு முன்னாலிருந்து. அப்பா மாட்டு வண்டியில் ஏறுமுன் இரண்டு பக்கமும் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். சாமி கும்பிடுகிற மாதிரி. நான் சிரிப்பேன்.

ஜனவரி 12. ஞாயிறு

பட்டறை. ஆசாரி பின் மாட்டும் ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்றினார். "வட்டமா இது? முட்டை." தேய்ந்துபோன ஓட்டையில் பின் ஆடும், ஆடினால் கிளிப்பைத் தின்னும். இது ஒரு காரணம். இன்னொன்று லோடு. அவசரத்தில் எல்லா மூட்டையையும் பின்பக்கமே அடுக்கிவிட்டார்கள். பின்னால் கனத்தால் மூக்கு மேலே எழும். ஏற்றத்தில் இன்னும் எழும். எனக்குத் தெரியாததா. இருபது வருஷமாக ஓட்டுகிறேன்.

"பின் போனா பிடிக்கிற சங்கிலி எங்கே?" என்றார்.

சங்கிலியா? எவன் போடுகிறான் இந்தப் பக்கம்? அதைச் சொல்லவில்லை.

பையன் கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சேற்றில் கிடந்த டிரெய்லரைப் பார்த்தபோது "நல்லவேளை நெல்லு நனையல" என்றவன். அவனுக்கு உறைக்கவில்லை. உறைக்க வேண்டாம்.

ஜனவரி 14. பொங்கல்

பையனின் அம்மா தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். "உங்ககூட இருக்கான்னா எனக்குப் பயமே இல்லண்ணே." நெய் நிறைய. இரண்டு வாய்தான் இறங்கியது.

ஜனவரி 15. மாட்டுப் பொங்கல்

மாடு இல்லை. வழக்கம்போல் டிராக்டருக்குச் சந்தனம், மாலை. கொட்டகை மூலையில் பழைய மாட்டுச் சங்கிலி கண்ணில் பட்டது. கழுவி, எண்ணெய் போட்டு, டிரெய்லருக்கு மாட்டிப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மனசு கொஞ்சம் லேசானது.

ஜனவரி 17. வெள்ளி

ஆசாரி சிரித்தே சிரித்தார். "இது கன்னுக்குட்டியை நிறுத்தும்." நாலு டன் நெல், வண்டி எடை வேறு. அவமானம். கீழவாசல் இரும்புக் கடைக்கு பஸ்ஸில் போனேன். கிரேனில் தூக்குகிற ரகம், 10 மி.மீ., இரண்டு துண்டு. கூடவே ஷேக்கிள் நாலு. நிறுத்துப் போட்டார்கள். வீட்டில் சொன்னது பாதி விலை.

பஸ்ஸில் காலடியில் கனத்தது. ஏனோ பிடித்திருந்தது.

ஜனவரி 18. சனி

ஓட்டையை வெல்டிங்கில் அடைத்து, புதிதாகத் துளை போட்டாகிவிட்டது. புதுப் பின், புதுக் கிளிப். சங்கிலிக்குத் தனியாக இரண்டு காது, டிராக்டர் சட்டத்திலேயே. பின்னிலேயே சங்கிலியையும் மாட்டினால் பின் போகும்போது அதுவும் போகுமாம். சரிதானே. சங்கிலிமேல் வெல்டிங் படக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார், சூடு பட்ட கண்ணி அறுந்துவிடும். மூக்குக்கு அடியில் குறுக்கே போக வேண்டும், இடது வலதுக்கு, வலது இடதுக்கு. மூக்கு கழன்று விழுந்தால் ரோட்டைக் குத்தாமல் தொட்டில் மாதிரி தாங்கும்.

தொட்டில் என்றதும் பையன் சிரித்தான்.

ஜனவரி 19. ஞாயிறு

மழை. தையில் இப்படி. அறுக்காத சம்பா எல்லாம் சாய்ந்து கிடக்கிறது. டயர் வைத்த அறுப்பு மிஷின் இறங்காது. ஆத்தூர்க்காரர்களின் செயின் மிஷின்தான், அதற்கும் வாடகை ஏறிவிடும். இடுப்பு வலி. யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் வீட்டுக்காரிமேல் விழுந்தேன்.

ஜனவரி 21. செவ்வாய்

முதல் லோடு சங்கிலியோடு. வயல் முடுக்கில் திருப்பும்போது இழுத்துப் பிடித்தது. நீளம் போதவில்லை. தளர்த்தினேன். தார் ரோட்டில் உரசித் தீப்பொறி. பையன் சங்கிலியை முறுக்கி முறுக்கிச் சுருக்கினான். கத்தினேன். முறுக்கினால் பலம் போய்விடும், கண்ணியைத் தள்ளித்தான் மாட்ட வேண்டும். பாவம், முகம் சுண்டிவிட்டது. பீடி வாங்கிக் கொடுத்தேன். பீடி வாங்கிக் கொடுத்தது தப்பு.

மூக்குமேல் உட்காராதே என்றேன். ஏன் என்றான். டிராக்டர் மட்கார்டிலும் உட்காராதே என்றேன். "அப்ப எங்க மாமா உக்கார்றது?" பதில் இல்லை. சைக்கிளில் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 23. வியாழன்

கொள்முதல் நிலையம். வரிசை ரோடுவரை. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழைக்கு அப்புறம் எவன் நெல் 17ல் இருக்கும். 22 வரை தளர்த்தக் கேட்டிருக்கிறார்கள், டெல்லியிலிருந்து பார்க்க ஆள் வருகிறதாம். சன்னம் குவிண்டால் 2,450. கையில் வந்தால் சரி.

வரிசையில் ஒருத்தன், "என்னண்ணே, யானைக்கா சங்கிலி?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சங்கிலியை அவிழ்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பினேன். காலி வண்டிதானே.

ஜனவரி 24. வெள்ளி

இன்றைக்கும் மாட்டவில்லை. பக்கத்துக் களம், கால் மணி நேரம். பாலம் வந்ததும் வயிறு பிசைந்தது. ஏற்றத்தில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். எதிரே வந்த மினி பஸ்காரன் கெட்ட வார்த்தை சொன்னான்.

ஜனவரி 26. ஞாயிறு

மச்சான் மகன் டெக்சாஸிலிருந்து பேசினான். அங்கே டிரெய்லரை எப்படி மாட்டுவார்கள் என்று சும்மா கேட்டேன். படம் அனுப்பினான். அந்த டிரெய்லருக்கு வாத்துக் கழுத்து. பிக்கப் வண்டியின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே இரும்புக் குண்டு, கழுத்து வளைந்து வந்து அதன்மேல் உட்காருகிறது. நம்மது மாதிரி வாலில் தொங்கவில்லை. பாரமே அதை அமுக்கிப் பிடிக்கும். எழும்புவது அபூர்வம்.

"அப்புறம் எதுக்குடா அதுல ரெண்டு சங்கிலி?" படத்தில் இருந்தது.

"அபூர்வமா நடக்கும்ல மாமா."

போனை வைத்தபிறகும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 27. திங்கள்

மாட்டினேன். இரண்டும். குறுக்கே.

ஜனவரி 29. தை அமாவாசை

திருவையாறு. அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும். படித்துறையில் கூட்டம். தண்ணீர் காலுக்குக் குளிர்ச்சி.

சின்ன வயதில் திருவாரூர் தேருக்குத் தோளில் வைத்துக் கூட்டிப்போவார். வடத்தைக் காட்டமாட்டார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைத்தான் காட்டுவார். இப்போது ஆழித்தேருக்கே திருச்சி பெல் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. என் டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது.

எட்டு மணிக்கே தூங்கிவிட்டேன். எத்தனையோ நாளைக்கப்புறம்.

ஜனவரி 31. வெள்ளி

மாட்டினேன். சிப்பத்தை முன்பக்கம் தள்ளி அடுக்கச் சொன்னதில் லோடுமேனோடு வாய்ச்சண்டை. நாளைக்கு வருவானோ தெரியாது. வராவிட்டால் போகட்டும். இல்லை, வர வேண்டும்.

சங்கிலிச் சத்தம் பழகிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் ஒரு சிணுங்கல்.

பிப்ரவரி 2. ஞாயிறு

பையனுக்குத் திருப்பூரில் வேலை. அவன் அம்மா சொன்னாள், சந்தோஷம், அழுகை இரண்டும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அந்த வியாழக்கிழமை. டீக்கடை. "என்னண்ணே?" என்றாள். தூக்கை இன்னும் திருப்பித் தரவில்லை, நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 3. திங்கள்

பஸ் ஏற்றிவிட்டேன். "ஏத்தத்துல பாத்துப் போங்க மாமா" என்றான்.

ஏன் ஏற்றம் என்றான்? பஸ் போய்விட்டது.

மத்தியானம் களத்துக்குக் காலி டிரெய்லர். தனியாகவே குனிந்து இரண்டையும் மாட்டினேன். முட்டியில் கட்டாந்தரை குத்தியது. வலது பக்கம் ஒரு கண்ணி அதிகம் தொங்குகிறது. நாளைக்குப் பார்க்க வேண்டும். தூக்கு இன்னும் திண்ணையிலேயே இருக்கிறது.