கப்பல் பிரயாணமும் பத்து சதவிகிதமும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் இரண்டு விஷயங்களைக் கேட்பார்கள். ஒன்று, முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை? மற்றொன்று, "டாக்டர் சார், நீங்கள் ஏதோ கார்டு வாங்கிக் கப்பலில் மலிவாகப் போய் வந்தீர்களாமே, அது எப்படி?" முதல் கேள்விக்குத் தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். இரண்டாவதற்குத்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி மாளவில்லை. ஆசிரியர் அன்புடன் இடம் கொடுத்திருக்கிறார், எழுதியே விடுகிறேன்.

விஷயம் சுலபமானது. கடைகள் விற்பதுபோலவே கப்பல் கம்பெனிகளும் கிஃப்ட் கார்டு விற்கின்றன. 500 டாலர் கார்டு சில இடங்களில், சில சமயங்களில், 450 டாலருக்குக் கிடைக்கும். கார்னிவல் கம்பெனியின் கார்டு இதில் பேர்போனது. முதியோர் சங்கமான ஏ.ஏ.ஆர்.பி. தன் அங்கத்தினர்களுக்குப் பத்து சதவிகிதம் குறைத்து விற்று வந்திருக்கிறது. எனக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, வீட்டில் பாயசம் கொதிக்குமுன் அவர்களுடைய கடிதம் தபால் பெட்டிக்கு வந்துவிட்டது. "கிழவன் ஆகிவிட்டீர்கள் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது" என்றாள் என் மனைவி. அது அரசாங்கம் அல்ல. 18 வயது முடிந்த எவரும் அதில் சேரலாம்.

கார்னிவல் கார்டு கார்னிவல் கப்பலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, குனார்டு எல்லாம் ஒரே தாய்க் கம்பெனியின் பிள்ளைகள். எந்தெந்தக் கப்பல்களில் கார்டு செல்லும் என்று அதன் விதிகளில் போட்டிருக்கும், வாங்குமுன் படித்துக்கொள்ளுங்கள். டெக்ஸாஸில் கால்வெஸ்டனிலிருந்து கார்னிவல் கப்பல்களும், நம் சான்பிரான்சிஸ்கோவில் 27ஆம் எண் துறையிலிருந்து பிரின்சஸ் கப்பல்களும் புறப்படுகின்றன.

ஏன் இவர்கள் நூறு ரூபாய்ப் பண்டத்தைத் தொண்ணூறு ரூபாய்க்குத் தருகிறார்கள்? ஊரில் நகைக்கடைச் சீட்டு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினோரு மாதம் நாம் கட்டுவோம். பன்னிரண்டாவது மாதத்தைக் கடைக்காரர் போட்டுக்கொள்வார். அவருக்கு நம் பணம் வட்டியில்லாமல் முன்னாலேயே கிடைக்கிறது. நாமும் வேறு கடைக்குப் போகமாட்டோம். கிஃப்ட் கார்டும் அதே சீட்டுதான். வாங்கியவர்களில் சிலர் மேஜை இழுப்பறையில் போட்டு மறந்தேபோவார்கள். அது கம்பெனிக்கு முழு லாபம்.

சீட்டு என்றால் அதன் ஆபத்தும் கூடவே உண்டு. நியூ ஜெர்ஸியில் யூனியன் என்ற ஊரில் தலைமை அலுவலகம் வைத்திருந்த பெட் பாத் அண்ட் பியாண்ட் கடையை நம்மில் யார் மறப்பார்கள்? அந்த நீல நிறக் கூப்பனைக் கட்டுக்கட்டாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திராத தமிழ்க் குடும்பம் உண்டா? 2023 ஏப்ரலில் அந்தக் கடை திவாலா மனு கொடுத்தது. அதே மாதம் 26ஆம் தேதியிலிருந்து கூப்பன் செல்லவில்லை. கிஃப்ட் கார்டுக்கு மே 8 வரைதான் அவகாசம் தந்தார்கள். கூப்பன் போனால் காகிதம் போயிற்று. கார்டு போனால் கைக்காசு போயிற்று. சட்டப்படி கார்டு 5 வருஷத்துக்குள் காலாவதி ஆகக்கூடாது என்று 2009இல் மத்திய அரசு விதித்திருக்கிறது. ஆனால் கடையே காலாவதி ஆனால் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே என் முதல் விதி: கார்டை வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். கப்பலில் இடம் பிடிக்க முதலில் கட்டும் முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பாக்கித் தொகையைப் புறப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பு கட்டச் சொல்வார்கள். அந்தத் தேதிக்குச் சில வாரங்கள் முன்னால் கார்டுகளை வாங்கி உடனே கட்டிவிடுங்கள். தள்ளுபடி எப்போதும் இருக்காது, வரும், தீர்ந்துபோகும். ஏஜெண்ட் மூலம் பதிவு செய்கிறவர்கள் கார்டை ஏற்பார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மீதமாகும் கார்டைக் கப்பலில் ஆகும் செலவுக் கணக்கிலும் கட்டலாம்.

இரண்டாவது விதி: முன்பின் தெரியாதவர் இன்னும் மலிவாக விற்கிறார் என்று வாங்காதீர்கள். நம்பர் ஏற்கெனவே திருடப்பட்டிருக்கலாம். கடையில் தொங்கும் கார்டானால் ரகசிய எண் மேல் உள்ள பட்டை சுரண்டப்பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள்: வரி பாக்கி, போலீஸ் என்று போனில் மிரட்டி, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல் என்று எவன் கேட்டாலும் அவன் திருடன்.

இனி என் சொந்தக் கணக்கு. சென்ற கோடையில் நானும் மனைவியும் என் பெற்றோரை அலாஸ்காவுக்கு அழைத்துப் போனோம். அப்பாவுக்கு 84 வயது. நாகப்பட்டினத்துக்காரர். தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தார். 1950இல், 9 வயதுச் சிறுவனாக, பாட்டியுடன் 'ரஜூலா' கப்பலில் ஊர் திரும்பியதை அப்பா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். டெக்கில் பாய் விரித்துப் படுத்தது, பக்கத்துக் குடும்பம் கொடுத்த ஊறுகாய், இரவில் கடல் கறுப்பாக இருந்தது. 1926 முதல் 1973 வரை நம் ஜனங்களை ஏற்றி இறக்கிய அந்தக் கப்பலுக்குப் பிறகு அவர் எந்தக் கப்பலிலும் காலடி வைக்கவில்லை. ஆசை இருந்தது. ஆனால் பிள்ளை காசு செலவழிக்கக் கூடாது!

"ஆளுக்கு எவ்வளவுடா?" என்றார்.

"ஆயிரத்து எண்ணூறு டாலர், அப்பா."

உடனே மனக்கணக்காக ரூபாயில் பெருக்கினார். "ஒன்றரை லட்சமா! நாகப்பட்டினத்திலே கடல் சும்மாவே தெரியுமேடா" என்று எழுந்துவிட்டார். பிறகு என் மனைவி கார்டுக் கணக்கைச் சொன்னாள். நான்கு பேருக்கு 7,200 டாலர். 200 டாலர் முன்பணம் கிரெடிட் கார்டில். பாக்கி 7,000க்கு 14 கார்டு. அதற்கு நாங்கள் கொடுப்பது 6,300. மிச்சம் 700 டாலர். அப்பா காகிதத்தில் போட்டுப் பார்த்தார். "அப்படியானால் போகலாம். எழுநூறு டாலரை விடுவானேன்" என்றார்.

இந்த 700 டாலரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. அதை நாங்கள் மிச்சம் பிடிக்கவில்லை. முன்பணம் கட்டிய அதே வாரம் நால்வருக்கும் சேர்த்துப் பிரயாண இன்ஷூரன்ஸ் வாங்கினேன். 690 டாலர் ஆயிற்று. மிஞ்சிய பத்து டாலரில் நானும் மனைவியும் காபி குடித்தோம்.

ஏன் என்றால், கிஃப்ட் கார்டில் பணம் கட்டும்போது சில பாதுகாப்புகளை நாம் விட்டுக்கொடுக்கிறோம். கிரெடிட் கார்டில் நேராகக் கட்டியிருந்தால், தகராறு வந்தால் பாங்கியிடம் முறையிடலாம். சில கிரெடிட் கார்டுகள் தரும் இலவசப் பிரயாண இன்ஷூரன்ஸ், டிக்கெட்டை அந்தக் கார்டில் வாங்கினால்தான் உண்டு. பிரயாணம் ரத்தானால் கிஃப்ட் கார்டில் கட்டிய பணம் பொதுவாக மறுபடி கிஃப்ட் கார்டாகவே திரும்பும். 2020 மார்ச்சில் கப்பல்கள் நின்று, இங்கே மறுபடி பிரயாணிகளுடன் புறப்பட 2021 ஜூன் ஆயிற்று. அந்த நாட்களில் கையில் ரொக்கம் இருப்பதும் கப்பல் கார்டு இருப்பதும் ஒன்றாகுமா? ஆகையால் பத்து சதவிகிதம் சும்மா வருவதில்லை. அது நாம் ஏற்றுக்கொள்ளும் ஆபத்துக்குக் கூலி. அந்தக் கூலியில்தான் இன்ஷூரன்ஸ் வாங்க வேண்டும்.

சான்பிரான்சிஸ்கோவை விட்டால் இரண்டு நாள் வெறும் கடல். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். டெக்கைவிட்டு உள்ளே வர மறுத்தார். இரண்டாம் நாள் இரவு படுத்தவர் மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. பழைய இருதயக் கோளாறு உள்ளவர். நெஞ்சில் நீர் சேர்ந்திருந்தது. முப்பது வருஷ வைத்தியத்தில் எத்தனையோ பேரிடம் பார்த்ததுதான். ஆனால் என் கையில் ஸ்டெதஸ்கோப்பைத் தவிர ஒன்றுமில்லை; சுற்றிலும் அவர் சொன்ன அந்தக் கறுப்புக் கடல். கப்பலின் வைத்திய அறையில் டாக்டரும் நர்ஸும் விரைந்து ஆக்ஸிஜன் வைத்து, நீர் இறங்க ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்தார்கள். விடியும்போது மூச்சு சீரானது. காலையில் கெச்சிக்கன் சேர்ந்ததும் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் நாங்களும் பெட்டிகளுடன் இறங்கிவிட்டோம். கப்பல் தன் வழியே போயிற்று.

கெச்சிக்கன் ஒரு தீவு ஊர். வெளியே போகச் சாலை கிடையாது. விமான நிலையம் அடுத்த தீவில். படகில் கடந்து போக வேண்டும். மூன்று நாள் கழித்து அப்பாவைச் சக்கர நாற்காலியில் அந்தப் படகில் ஏற்றி, சியாட்டில் வழியாக வீடு வந்தோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அப்பா கிரீன் கார்டுக்காரர், மெடிகேர் இருக்கிறது. கெச்சிக்கன் அமெரிக்க மண் என்பதால் ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் செல்லும். ஆனால் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருக்கும்போது செய்த வைத்தியத்துக்கு மெடிகேர் ஒரு காசு தராது. அந்த இரவுக்குக் கப்பல் கணக்கில் ஏறியது 3,180 டாலர். அத்துடன் நால்வருக்கும் விமான டிக்கெட், ஹோட்டல், பாதியில் விட்ட பிரயாணம். நடுவழியில் இறங்கியவர்களுக்குக் கப்பல் கம்பெனி பணம் திருப்புவதில்லை. இவற்றில் பெரும்பகுதியை இன்ஷூரன்ஸ்தான் கொடுத்தது. ரசீதுகளை அனுப்பிய ஏழாவது வாரம் செக் வந்தது. இதே மூச்சுத்திணறல் கனடாவில் வந்து, தனி விமானத்தில் கொண்டுவர நேர்ந்திருந்தால், எழுநூறு டாலர் பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

ஆகவே, போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. பாலிசியை முன்பணம் கட்டிய 14 நாளுக்குள் வாங்குங்கள். அதற்குமேல் தாமதித்தால், முன்பே உள்ள வியாதிகளைச் சேர்த்துக்கொள்ளும் சலுகை பல பாலிசிகளில் போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயம் இல்லாத பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்? வைத்தியச் செலவுக்கு ஒரு தொகை, நோயாளியை எடுத்துவர வேறு தொகை என்று பாலிசியில் தனித்தனியே இருக்கும். எடுத்துவரும் தொகை 2,50,000 டாலருக்குக் குறையக் கூடாது என்பது என் அபிப்பிராயம். கிஃப்ட் கார்டில் கட்டிய தொகையும் பாலிசியில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்டு வாங்கிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். 1886ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, அந்நியக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறையில் ஏற்றிய பிரயாணிகளைச் சுற்றிக் காட்டி அங்கேயே இறக்குவதானால், நடுவில் ஓர் அந்நிய நாட்டுத் துறையைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் அலாஸ்கா கப்பல்கள் கனடாவில் விக்டோரியாவில் நிற்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்குக் கனடா விசா தேவை. திரும்பி நுழைய அமெரிக்க விசாவும் பலமுறை வரத்தக்கதாக இருக்க வேண்டும். கார்டு வாங்குமுன் இதைப் பாருங்கள். இரண்டாவது, விசிட்டர் இன்ஷூரன்ஸ் பலவற்றில் 80 வயதுக்கு மேல் கொடுக்கும் தொகை மிகக் குறைவு. கப்பலிலும் கனடாவிலும் செல்லுமா என்று கேளுங்கள்.

கார்டு விற்ற ஏ.ஏ.ஆர்.பி.யின் பூர்வ கதையும் இதுவேதான். அதை 1958இல் தொடங்கிய எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற அம்மையார், இங்கே கலிபோர்னியாவில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் கொடுக்கக் கம்பெனிகள் மறுத்த காலம். ஒவ்வொரு கதவாகத் தட்டி, 1956இல் ஒருவழியாக ஏற்பாடு செய்தார். மெடிகேர் சட்டம் வந்தது 1965இல்தான். முதியவருக்கு இன்ஷூரன்ஸ் தேடிப் பிறந்த சங்கத்தில் கிடைத்த தள்ளுபடியை முதியவரின் இன்ஷூரன்ஸுக்கே செலவிடுவது பொருத்தம்தானே?

கெச்சிக்கனில் மயக்கம் தெளிந்து அப்பா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுடா ஆச்சு?" என்பதுதான். இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்றேன். "அதற்கு யார் பணம் கட்டினது?" கார்டில் மிஞ்சிய எழுநூறு டாலர் என்றேன். "அப்போ சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். இப்போது சௌக்கியமாக இருக்கிறார். உப்பைக் குறைத்துவிட்டார், ஊறுகாயைத்தான் இன்னும் குறைக்கவில்லை. பனிமலை பார்க்காதது ஒரு குறை என்கிறார். அடுத்த தள்ளுபடி எப்போது என்று வாராவாரம் விசாரிக்கிறார்.